எங்கள் சுவரொட்டியில் சங்கிலி இல்லை

ஜூலை 30 உலக மனிதக் கடத்தல் எதிர்ப்பு நாள். அதையொட்டிக் கல்லூரியில் விழிப்புணர்வு முகப்பு ஒன்றை வைத்தபோது, சுவரொட்டி வரையும் பொறுப்பு எனக்கு வந்தது. சங்கிலியால் கட்டிய இரண்டு கைகள், கறுப்புப் பின்னணி. மூன்று இரவு உட்கார்ந்து வரைந்தேன். பார்த்தவர்கள், "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள்.

அன்று மாலை, எஸ்பிஎம் முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த என் சித்தி மகன் டெலிகிராமில் வந்த விளம்பரம் ஒன்றை எனக்கு அனுப்பினான். தாய்லாந்தில் வாடிக்கையாளர் சேவை வேலை. மாதம் 8,000 வெள்ளி. அனுபவம் தேவையில்லை. விமான டிக்கெட், தங்குமிடம் இலவசம்.

"கம்பெனி பேரு என்னடா?"

"அங்க போனதும் சொல்வாங்களாம், அக்கா. இப்போதைக்குச் சுற்றுப்பயணியா வந்தா போதுமாம். பெர்மிட்டை அவங்களே எடுத்துத் தருவாங்களாம்."

எனக்குக் கை நடுங்கியது. தாய்லாந்துக்குச் சுற்றுலா போக நமக்கு விசா வேண்டாம். அந்த வசதியைத்தான் இவர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள். பேங்காக்கில் இறங்குபவர்களைக் காரில் ஏற்றி, மே சோட் எல்லை நகருக்குக் கொண்டு போகிறார்கள். அங்கே மோய் ஆற்றைக் கடந்தால் மியன்மாரின் மியாவாடி. வேலி போட்ட வளாகம், வாசலில் துப்பாக்கி. கடப்பிதழைப் பிடுங்கிக்கொள்வார்கள். அதன்பின் இணையத்தில் காதல் பேசியும் போலி முதலீடு காட்டியும் பிறரை ஏமாற்ற வேண்டும். மறுத்தால் அடி. வீட்டுக்குப் போகக் கேட்டால் பிணைப்பணம். இத்தகைய மோசடி வேலையில் மியன்மாரில் குறைந்தது 120,000 பேரும் கம்போடியாவில் சுமார் 100,000 பேரும் சிக்கியிருக்கலாம் என்று ஐநா மனித உரிமை அலுவலகம் 2023-இல் கூறியது. அங்கிருந்து மீட்கப்பட்டவர்களில் மலேசியர்களும் உண்டு.

"விரும்பித்தானே போனார்கள், பேராசை!" என்று முகப்புக்கு வந்த ஒருவர் சொன்னார். மனிதக் கடத்தலுக்கு எதிரான நம் நாட்டின் 2007-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. பாதிக்கப்பட்டவர் சம்மதித்தார் என்று சொல்லிக் கடத்தியவன் தப்ப முடியாது. 8,000 வெள்ளியைப் பார்த்து ஆசைப்படுவது குற்றமா என்ன?

தம்பி போகவில்லை. "என் வாய்ப்பைக் கெடுத்துட்டீங்க" என்று இரண்டு வாரம் என்னோடு பேசவுமில்லை.

மறுநாள் சங்கிலிப் படத்தைக் கழற்றிவிட்டு, அந்த விளம்பரத்தையே பெரிதாக அச்சடித்து ஒட்டினோம். வேறு ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை. முதல் ஒரு மணி நேரத்தில் நான்கு பேர் வந்து, எங்கே மனுச் செய்வது என்று கேட்டார்கள். மூன்றாவதாகக் கேட்டவள் என் வகுப்புத்தோழி.