தாம்பரத்துக்கு ஒரு கற்றல் நடுவம்: மட்கில் தொடங்குவோம்

தாம்பரம், சேலையூர், பெருங்களத்தூர் பக்கமிருந்து நம் கூட்டங்களுக்கு வருகிற நண்பர்கள் பலரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "எங்க பக்கத்துல இயற்கை வேளாண்மை கத்துக்கிற மாதிரி ஒரு இடம் ஆரம்பிக்கலாமா? எவ்வளவு நிலம் வேணும்?" தாராளமாக ஆரம்பிக்கலாம். ஆனால் கேள்வி நிலத்திலிருந்து தொடங்குவதால்தான் காரியம் அங்கேயே நின்றுவிடுகிறது. ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி ஒரு ஏக்கர் வாங்கி நாற்றுவிட நம்மில் யாரால் முடியும்?

நமக்குத் தெரிந்த நல்ல நடுவங்கள் நிலத்தோடு வளர்ந்தவை. கரூர் மாவட்டம் கடவூர் அருகே நம்மாழ்வார் அய்யா உருவாக்கிய வானகம், புதுக்கோட்டை மாவட்டம் ஒடுகம்பட்டியில் குடும்பம் அமைப்பின் கொழுஞ்சிப் பண்ணை இரண்டிலும் வறண்ட நிலமே பாடப்புத்தகம். போய் வந்தவர் உற்சாகமாகத்தான் திரும்புகிறார். செம்பாக்கத்தில் இரண்டாவது மாடி வீட்டுக்கதவைத் திறந்ததும், இனி என்ன செய்வது என்று தெரிவதில்லை. புறநகருக்கு வேறு பாடம் வேண்டும். அதில் முதலாவது மட்கு என்பது என் கருத்து.

உழவர் கண்ணோடு இதைப் பாருங்கள். கீரையும் காயும் அரிசியும் ஊருக்குள் வரும்போது நம் வயலின் தழைச்சத்தும் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் கூடவே வண்டியேறி வருகின்றன. திரும்பிப் போவதில்லை. தோலும் காம்பும் மிஞ்சின சோறும் பிளாஸ்டிக்கோடு கலந்து பெருங்குடியில் மேடானது. 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் ஓரத்தில்தான் அந்த மேடு. கலந்த குப்பையை அப்படியே மட்க வைத்துச் சலித்தாலும் பொடிக்கண்ணாடி தங்கிவிடும். வெறுங்காலோடு சேற்றில் இறங்குகிறவருக்கு அது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. பேட்டரியிலிருந்து இறங்கும் கன உலோகமோ கண்ணுக்கே தெரியாது. அதனால் சேலையூர் அடுக்களையில் குப்பையைப் பிரிப்பதும் பிரிக்காததும் மணிமங்கலத்து வயலின் விஷயம். 2016 திடக்கழிவு விதிகள் ஈரக்குப்பை, உலர்குப்பை, அபாயக்குப்பை என்று வீட்டிலேயே பிரிக்கச் சொன்னன. சட்டம் சொன்னால் போதுமா, கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டாமா?

அப்படிச் சொல்லிக்கொடுத்த இடம் பக்கத்திலேயே இருக்கிறது. பம்மல் ஸ்ரீ சங்கரா நகரில் 1994-இல் மங்களம் பாலசுப்பிரமணியன் தலைமையில் பெண்கள் மகளிர் மன்றமாகக் கூடினார்கள். தங்கள் தெருக்குப்பையைத் தாங்களே கையாளத் தொடங்கினார்கள். வீடு வீடாகப் பிரித்து வாங்குவது, மட்கும் பகுதியை மண்புழு உரமாக்குவது என்று அது வளர்ந்தது. எக்ஸ்னோரா பெயரோடு பிற தெருக்களுக்கும் பரவியது. இன்று பம்மல், 2021-இல் உருவான தாம்பரம் மாநகராட்சிக்குள் வருகிறது. அவர்கள் பண்ணை வாங்கிவிட்டுத் தொடங்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஒரு கொட்டகையில் என்னென்ன கற்கலாம்? சமையல் கழிவில் ஈரமும் தழைச்சத்தும் அதிகம். தனியாகக் குவித்தால் நாறும், ஈ மொய்க்கும். கரிமம் சேர வேண்டும். அது காய்ந்த இலை. நம் தெருக்களில் தினம் கூட்டி எரிக்கிறோமே, அந்தத் தூங்குமூஞ்சி இலையும் புங்க இலையும்தான். அளவில் ஒரு கூடைக் கழிவுக்கு இரண்டு கூடைச் சருகு, மேலே கொஞ்சம் சாணிக்கரைசல். கையில் பிழிந்தால் ஓரிரு சொட்டு விழுகிற ஈரம் போதும். குவியல் போதிய அளவு இருந்தால் சில நாளில் 55 டிகிரிக்கு மேல் சூடேறும். களை விதையும் நோய்க்கிருமியும் பெரும்பாலும் அதில் சாகும். வாரம் ஒருமுறை புரட்ட வேண்டும். சூடு தணிந்த பிறகே மண்புழு. ஆர்வத்தில் முதல் நாளே விட்டால் புழு செத்துப்போகும். வெளிநாட்டுப் புழுதான் வேண்டும் என்பதும் இல்லை. சென்னை நியூ காலேஜில் மண்புழு ஆய்வு செய்த பேராசிரியர் சுல்தான் இஸ்மாயில், நம் மண்ணிலேயே உள்ள இனங்களை வைத்து இதைச் செய்யலாம் என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்.

கொட்டகையின் தரை உயரமாக இருக்கட்டும். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் எப்படி மூழ்கின என்பது மறந்துபோகிற விஷயமா? அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மட்குக் குழியில் மழைநீர் தேங்கினால் சத்தெல்லாம் கரைந்து ஓடிவிடும்.

மட்கு கைக்கு வந்துவிட்டால் மாடித்தோட்டம் தானாக வரும். ஈரமண் ஒரு கனமீட்டர் ஒன்றரை டன்னுக்கு மேல் கனக்கும். பழைய கட்டடங்களில் மட்கும், கழுவிய தென்னைநார்க் கழிவும் கூட்டி, மண்ணைக் குறைப்பதே நல்லது. தண்ணீருக்குக் கூரையே போதும். இங்கே ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை. 1,000 சதுர அடிக் கூரையில் சேதாரம் போக ஒரு லட்சம் லிட்டர் கிடைக்கும். தரையில் பயிர் வைக்கிறவர்கள் மட்டும் முதலில் மண்ணையும் கிணற்றுநீரையும் சோதிக்கட்டும். குரோம்பேட்டை என்ற பெயரே குரோமியம் கொண்டு தோல் பதனிட்ட கம்பெனியால் வந்தது. பல்லாவரம் வரை நிலத்தடி நீரில் அதன் தடம் இருக்கிறது.

இனி உழவர்கள் பக்கம். மாதம் ஒரு ஞாயிறு படப்பை, மணிமங்கலம் பக்கத்து உழவர் ஒருவர் காய்கறியோடு அந்தக் கொட்டகைக்கு வரட்டும். விற்றுவிட்டு, திரும்பும் வண்டியில் மட்கை ஏற்றிக்கொள்ளட்டும். ஏற்றும் முன் ஒரு கைப்பிடியை வெள்ளைத்துணியில் பரப்பி, பிரித்துக் கொடுத்த வீட்டுக்காரர்கள் முன்னாலேயே பார்க்க வேண்டும். மழை நனைத்த மண் வாசம் வருகிறதா? தொட்டால் சூடு இருக்கிறதா? ஷாம்பு பாக்கெட்டின் மூலை ஏதாவது கிடக்கிறதா? கண்ணாடிச் சில்லு ஒன்று தென்பட்டாலும் அந்த மூட்டையை அங்கேயே இறக்கி வைத்துவிடலாம்.