பழைய ஜீப்பும் உப்புத் தெருவும்: பிரேக் வால்வைக் கவனியுங்கள்

கனடாவுக்கு வந்து சேரும் எமது குடும்பங்களிற் பல முதலில் வாங்குவது பாவித்த வாகனந்தான். பிள்ளைகள், தாய் தகப்பன் எல்லோரும் ஒன்றாக ஏறவேண்டும், ஸ்னோவிலும் ஓடவேண்டும் என்பதற்காக நான்கு சில்லும் இழுக்கும் பழைய ஜீப் வகைகளைத் தேடுகிறோம். என்ஜின் சத்தத்தைக் கேட்கிறோம், ரயரைப் பார்க்கிறோம், விலையைப் பேசுகிறோம். ஆனால் வாகனத்துக்குக் கீழே குனிந்து பார்ப்பவர்கள் குறைவு. ஆபத்து பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

ஊரில் கடற்கரைப் பக்கம் ஓடிய வாகனங்கள் உக்கிப்போனதைக் கண்டிருக்கிறோம். இங்கே கடலுக்கு எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் அதே கதைதான். பனிக்கட்டியை உருக்கத் தெருக்களில் உப்புப் போடுகிறார்கள். அந்த உப்புநீர் சில்லுகளால் எற்றப்பட்டு அடிப்பகுதியில் ஒட்டி, இரும்பை விரைவாகத் துருப்பிடிக்க வைக்கிறது. முதலில் அடிபடுபவற்றில் பிரேக் பைப்புகளும் பின்பிரேக் வால்வும் அடங்கும்.

இந்த வால்வு என்ன செய்கிறது?

1980களிலும் 1990களிலும் வந்த ரொயோட்டா பிக்கப், ஃபோர் ரன்னர் போன்ற வாகனங்களில், பின் அச்சுக்கு மேலே சேஸியில் ஒரு வால்வு பூட்டப்பட்டிருக்கும். அதிலிருந்து ஒரு கம்பி பின் அச்சுக்கு வரும். பாரம் ஏற்றினால் வாகனம் பதியும், கம்பி அசையும், வால்வு பின்சில்லுகளுக்குக் கூடுதல் அழுத்தம் விடும். பாரம் இல்லாதபோது அழுத்தத்தைக் குறைக்கும். பிரேக் பிடிக்கும்போது வாகனத்தின் பாரம் முன்னுக்குச் சாய்வதால் பின்பக்கம் இலேசாகிவிடும். அப்போது பின்சில்லுகள் முதலில் இறுகிவிட்டால் வாகனம் சுழன்றுவிடும். பனித் தெருவில் இது உயிராபத்து.

அறிகுறிகள்

பிரேக் ஒயில் அடிக்கடி குறைதல், மிதி மெதுவாகக் கீழே இறங்குதல், எச்சரிக்கை விளக்கு எரிதல், வால்வைச் சுற்றி ஈரம் இருத்தல் ஆகியவை ஒழுக்கின் அடையாளங்கள். ஒழுக்கு இருந்தால் வாகனத்தை ஓட்டவேண்டாம்; கராஜுக்கு இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள். ஒழுக்கு இல்லாமலும் வால்வு பழுதடையும். கம்பியும் நெம்பும் துருவில் இறுகிவிட்டால், பாரம் ஏற்றும்போது பின்பிரேக் போதாது. அல்லது வெறும் வாகனத்தில் பின்சில்லு இறுகும்.

திருத்துவதா, மாற்றுவதா?

நெம்பு மட்டும் இறுகியிருந்தால் துருவைத் துலக்கி, எண்ணெய் விட்டு, அசைத்து, கிறீஸ் பூசிச் சரிசெய்யலாம். வால்வினுள்ளிருந்து ஒயில் கசிந்தால் மாற்றுவதே சரி. வாகனம் உடைக்கும் இடத்தில் கழற்றிய வால்வு மலிவுதான். ஆனால் அதுவும் இதே உப்பில் ஓடியதாக இருக்கலாம்.

மாற்றும்போது, கழற்றுமுன் கம்பியின் நீளத்தை அளந்து எழுதிவையுங்கள். பைப் நட்டுகளுக்குத் துரு இளக்கும் எண்ணெயை முதல்நாளே விடுங்கள். சாதாரண ஸ்பனர் நட்டின் மூலைகளை மழித்துவிடும். பிரேக் பைப்புக்கென உள்ள ஸ்பனரையே பாவிக்கவேண்டும். நட்டோடு பைப்பும் முறுகினால் பைப்பையும் மாற்றுங்கள். செம்பும் நிக்கலும் கலந்த பிரேக் பைப் துருப்பிடிக்காது, வளைப்பதும் இலகு.

மூடியில் எந்த ஒயில் என்று எழுதியிருக்கிறதோ, அதையே புதுப் போத்தலில் வாங்குங்கள். டொட் 3, டொட் 4 ஒயில்கள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும்; திறந்து நாட்பட்டதை ஊற்றவேண்டாம். பெயின்ரில் பட்டால் உடனே தண்ணீரால் கழுவுங்கள். என்ஜின் ஒயில் ஒரு துளிகூடச் சேரக்கூடாது. ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும்.

காற்று எடுக்கும்போது ஸ்ராண்டுகளைச் சேஸிக்குக் கீழே வைத்தால் பின் அச்சு தொங்கும். வால்வு பாரமில்லை என்று எண்ணி அழுத்தத்தைக் குறைத்துவிடும். ஆகவே ஸ்ராண்டுகளை அச்சுக்குக் கீழேயே வைக்கவேண்டும். வால்விலேயே காற்று எடுக்கும் ஸ்குரூ இருந்தால் அதையும் மறக்கவேண்டாம். ஜக்கை மட்டும் நம்பி ஒருபோதும் கீழே படுக்கவேண்டாம். முடிவில் அழுத்தமானி உள்ள கராஜில் அளவைச் சரிபார்ப்பது அவசியம்.

செய்யக்கூடாதவை

“வால்வை வெட்டிவிட்டு நேரே பைப்பைப் பூட்டலாம்” என்று சிலர் மலிவான வழி சொல்வார்கள். அதைக் கேட்காதீர்கள். மேலே சொன்ன சுழற்சி ஆபத்தைக் காசு கொடுத்து வாங்குவதாகவே அது முடியும். ஸ்பிரிங் மாற்றி வாகனத்தை உயர்த்தியிருந்தாலும் வால்வு தவறாகக் கணக்கிடும். கம்பியை அதற்கேற்பச் சரிசெய்யவேண்டும்.

வாங்குமுன்

ஒன்ராறியோவில் பாவித்த வாகனத்தைப் பெயர் மாற்றி ஓட்டுவதற்குப் பாதுகாப்புச் சான்றிதழ் தேவை. அது 36 நாட்களுக்குச் செல்லும். ஆனால் அந்தத் தாள் உத்தரவாதம் அல்ல. பரிசோதித்த நாளில் வாகனம் ஆகக்குறைந்த தரத்தில் இருந்தது என்பதையே சொல்கிறது. ஆகவே விற்பவருக்குத் தொடர்பில்லாத ஒரு மெக்கானிக்கிடம் காட்டி, பிரேக் பைப்புகளையும் பின்வால்வையும் பார்க்கும்படி குறிப்பாகக் கேளுங்கள். மொழி தடையாக இருந்தால் தெரிந்த ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

குளிர்காலத்தில் வாகனத்தின் அடிப்பகுதியை இடையிடையே கழுவுங்கள். உப்பை அகற்றும் அந்தச் சிறு செலவு ஒரு வால்வின் விலையை மிச்சம் பிடிக்கும். பின்னாசனத்தில் இருக்கும் பிள்ளைகளின் உயிருக்கோ விலையே இல்லை.