மனை நோட்டீஸும் சாட்சி சொல்லும்

பழனியில் மனை விற்பவருக்கு மலையே பாதி விளம்பரம். ‘அடிவாரத்துக்குப் பத்தே நிமிடம், டிடிசிபி அப்ரூவல், 30 அடி தார்ச்சாலை, பூங்கா, குடிநீர்’ என்று நோட்டீஸில் அடுக்கலாம். பத்திரம் முடிந்தபின் அங்கே எல்லைக்கல்லும் சீமைக்கருவேலமும் மட்டும் நின்றால் என்ன செய்வது? ‘நிலத் தகராறு என்றால் சிவில் கோர்ட்டுக்குப் போங்கள்’ என்று விற்றவர் கை விரித்தால், அதை அப்படியே நம்பிவிட வேண்டாம்.

இதே வாதத்தை நார்னே கன்ஸ்ட்ரக்‌ஷன் வழக்கில் 2012-ல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. காலி நிலத்தை உள்ளது உள்ளபடி விற்பது வெறும் விற்பனை. லேஅவுட் போட்டு, அனுமதி வாங்கி, வசதிகள் செய்து தருவதாகச் சொல்லி மனை விற்பது சேவை. சொன்னதைச் செய்யாவிட்டால் அது சேவைக் குறைபாடு; நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஆகவே, பக்கத்துத் தோட்டக்காரரிடம் நிலம் வாங்கியவருக்கு இந்த வழி பொருந்தாது; புரமோட்டரிடம் வாங்கியவருக்குப் பொருந்தும்.

2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பொய்யாக வர்ணிப்பது மட்டுமல்ல, முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் தவறான விளம்பரம்தான். ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்ற பேச்சில் மயங்க வேண்டாம். ஊராட்சித் தலைவரின் கையெழுத்து மட்டும் இருந்தால் அது மனைப்பிரிவு அனுமதி ஆகாது. நகர் ஊரமைப்புத் துறையின் (டிடிசிபி) ஒப்புதல் வேண்டும்.

கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் புகார் தர வேண்டும்.

இன்னொரு கதவு, ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ‘ரெரா’. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவைப் பதிவு செய்யாமல் விளம்பரப்படுத்தவே கூடாது. விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டி ஏமாந்தவர், 2016-ம் ஆண்டு ரெரா சட்டத்தின் 12-வது பிரிவின்படி வட்டியோடு பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் ரெரா எண்ணை இணையதளத்தில் சரிபாருங்கள். வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், பட்டா மூன்றையும் பாருங்கள். வாய்ச்சொல்லாக உறுதி தந்த வசதிகளை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். நோட்டீஸ், வாட்ஸ்அப் செய்தி, ரசீது எதையும் தூக்கி எறியாதீர்கள். சந்தேகம் இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.