அச்சுப்பொறியின் நினைவாற்றல்

மருந்துப் புட்டியில் ஒட்டிய லேபிள், கண்காட்சியின் நுழைவு டிக்கெட், துணிக்கடையின் விலைச்சீட்டு ஆகியவை நம் கைக்கு வந்த சில நாட்களில் குப்பைக்குப் போய்விடுகின்றன. ஆனால், இவற்றை அச்சிடும் சிறு பொறிக்கோ நல்ல நினைவாற்றல் உண்டு. நிறுவனத்தின் சின்னம், எழுத்துருக்கள், லேபிளின் அமைப்பு ஆகியவற்றைத் தனக்குள்ளேயே அது சேமித்து வைக்கிறது. மின்சாரம் நின்றாலும் இவை மறைவதில்லை. இவை தங்கும் இடமே ஃபிளாஷ் நினைவகம்.

இதனைக் கண்டுபிடித்தவர் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா. 1984-ஆம் ஆண்டு இதனை அறிஞர் உலகுக்கு அறிவித்தார். புகைப்படக் கருவியின் விளக்கு பளிச்சிடுவதைப் போல இதில் உள்ளவை ஒருசேர அழிவதால், உடன் பணியாற்றிய ஒருவர் சூட்டிய பெயரே 'ஃபிளாஷ்'.

இது எவ்வாறு இயங்குகிறது? இதனுள் எண்ணற்ற நுண்ணறைகள் உள்ளன. மின்சாரம் கடத்தாத படலம் சூழ்ந்த அறையில் எலக்ட்ரான்களை அடைத்தால் அது 0, அடைக்காவிடில் 1. வேண்டிய அறையை மட்டும் 1-லிருந்து 0 ஆக்கலாம். ஆனால், 0-வை மறுபடியும் 1 ஆக்க வேண்டுமெனில், அவ்வறை உள்ள தொகுதி முழுவதையும் சேர்த்தே அழிக்க வேண்டும். ஒரு சொல்லை மட்டும் துடைக்க முடியாமல் முழுவதையும் கழுவ வேண்டிய சிலேட்டைப் போன்றது இது.

இதனால் ஒரு சிக்கல் எழுகிறது. ஜீப்ரா நிறுவனத்தின் லேபிள் அச்சுப்பொறிகளில் 'ஆர்' என்பது தற்காலிக நினைவகம். 'இ' என்பது ஃபிளாஷ். 'ஆர்' பகுதியில் ஒன்றை நீக்கினால் அந்த இடம் உடனே காலியாகிறது. 'இ' பகுதியிலோ, நீக்கிய பொருள் மறையுமே தவிர, இடம் அப்போதே திரும்பக் கிடைப்பதில்லை. பொறி தானாகத் தன் நினைவகத்தை ஒழுங்குபடுத்தும்போதோ, நாம் அதனை முழுவதும் புதிதாக்கும்போதோதான் கிடைக்கும்.

ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளிகள் வீதம் அச்சிடும் பொறியில், 25 மில்லிமீட்டர் சதுரமான சின்னத்திற்கு 200 × 200, அதாவது 40,000 புள்ளிகள் வேண்டும். 8 புள்ளிகளுக்கு ஒரு பைட் எனக் கணக்கிட்டால் 5,000 பைட்டுகள். இது சிறிதே. ஆயினும், பயனற்ற சின்னங்களும் பெரிய எழுத்துருக்களும் சேரச் சேர இடம் நிரம்பிவிடும். அப்போது புதிய அமைப்பை ஏற்ற முடியாது. பழைய அமைப்பே அச்சாகிக்கொண்டிருக்கும். விலைச்சீட்டில் இது நேர்ந்தால் நஷ்டம் சில ரூபாய். புதிதாகச் சேர்த்த எச்சரிக்கை வரி மருந்து லேபிளில் விடுபட்டால், நோயாளியின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

எனவே, சில விதிகளைக் கடைப்பிடித்தல் நலம். முதலாவது, உள்ளே இருப்பவற்றின் பட்டியலை அவ்வப்போது அச்சிட்டுப் பார்க்க வேண்டும். இரண்டாவது, நிலையானவற்றை மட்டுமே ஃபிளாஷில் வைக்க வேண்டும்; நாள்தோறும் மாறுபவை தற்காலிக நினைவகத்திற்கு உரியவை. ஏனெனில், ஃபிளாஷ் அறைகள் அழித்து எழுத எழுதத் தேய்பவை. பல வகைகளுக்கு எல்லை ஏறத்தாழ 1,00,000 முறை. மூன்றாவது, முழுவதும் புதிதாக்கும் முன் எல்லாவற்றிற்கும் கணினியில் ஒரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு செய்தும் இடம் போதாவிடில், அதற்கு வசதியுள்ள பொறிகளில் கூடுதல் நினைவகத்தைப் பொருத்தலாம். ஆனால், ஒழுங்கில்லாத வீட்டிற்குப் புதிய அலமாரி வாங்கினால் அதுவும் விரைவில் நிறைந்துவிடும் அன்றோ?

அன்புத் தோழியரே, இறைவன் நமக்களித்த நினைவாற்றலும் ஒரு செல்வமே. நன்றியை அதில் நிலையாகப் பதிப்போம்; மனத்தாங்கலை அன்றன்றே மறப்போம்.