விழுந்த தென்னை வீடாவது எப்படி?

2013 நவம்பர் 8-இல் ஹையான் புயல் பிலிப்பைன்ஸைப் புரட்டிப்போட்டது. 3 கோடிக்கும் மேற்பட்ட தென்னைகள் சேதமடைந்தன. வீடிழந்தவர்களுக்கு அந்த மரங்களே தூணாயின, பலகையாயின.

ஏன் உடனே அறுக்க வேண்டும்?
தென்னந்தண்டில் ஈரமும் சர்க்கரையும் மாவுச்சத்தும் அதிகம். பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். மட்கிய தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும். பிறகு, புயலுக்குத் தப்பிய தென்னைகளின் குருத்தையும் குடையும். ஆக, விழுந்ததை அறுத்தால் வீடும் கிடைக்கும், தோப்பும் பிழைக்கும்.

எப்படி அறுப்பது?
தேக்கில் வைரம் உள்ளே, தென்னையில் வெளியே. வெட்டுமுகத்தைப் பாருங்கள்: ஓரத்தில் கரும்புள்ளிகள் நெருக்கமாக இருக்கும், நடுவே போகப்போகக் குறையும். அவை நீரையும் சத்தையும் கடத்தும் நார்க்கற்றைகள். ஓரத்து மரம் கன மீட்டருக்கு 600 கிலோவைத் தாண்டும். நடுச்சோறு 400 கிலோவைக்கூட எட்டாது. அதனால் தண்டின் ஓரங்களை முதலில் அறுத்தெடுத்துத் தூணுக்கும் கைமரத்துக்கும் வைப்பார்கள். நடுப்பகுதி பாரம் தாங்காது; உள்தடுப்புப் பலகைக்குத்தான் ஆகும். தூணின் அடி மண்ணில் படாமல் கான்கிரீட் மேல் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் இற்றுப்போகும்.

வெளியே வைரம் கொண்டவற்றைப் 'புறக்காழ்' என்றழைத்து, அவற்றை மரமல்ல, புல் என்றது தொல்காப்பியம். புல்லைப்போல் தென்னையும் ஒருவித்திலைத் தாவரம் என்கிறது இன்றைய தாவரவியல்.