ஓட்டல் பில்லும் புள்ளிக் கணக்கும்

திருப்பதியில் தாஜ் போன்ற பெரிய ஓட்டல்கள் வந்துவிட்டன. வேலூரிலிருந்து சம்பந்தி வந்தால் சித்தூர் குமாஸ்தாவும் ஒரு வேளை அங்கே அழைத்துப் போக வேண்டியிருக்கிறது. உறுப்பினராகுங்கள், சாப்பாட்டுக்குப் புள்ளி தருகிறோம் என்கிறார்கள். டாடா குழுமத்தில் அதற்கு நியூகாயின் என்று பெயர். ஒன்று ஒரு ரூபாய்க்குச் சமம். நூற்றுக்கு ஐந்து கிடைப்பதாகவே வைத்துக்கொள்வோம். 2,000 ரூபாய் சாப்பாட்டுக்கு 100தான். ஜி.எஸ்.டி. குறைந்தது 5 சதவீதம். அதுவே அதை விழுங்கிவிடும்!

மதுவுக்குக் கணக்கே வேறு. அது ஜி.எஸ்.டி.க்கு வெளியே, மாநில வரியில் நிற்கிறது. அதற்குப் புள்ளி உண்டா என்பது ஓட்டலுக்கு ஓட்டல் மாறும். கிளாஸ் வருமுன் கேட்டுவிடுவது நல்லது. (திருமலையில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. 1985-ல் தொடங்கிய அன்னதானத்தில் பில்லும் கிடையாது.) சேர்த்த புள்ளிக்குக் கெடு எத்தனை மாதம் என்பதையும் கவுண்டரிலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.