ஸ்கோர்போர்டில் 'பெருமாள்'... கயானா மைதானத்தில் ஒரு காஞ்சிபுரத்துப் பெயர்!

பெரிய காஞ்சிபுரத்தின் கடைவீதியில் நின்று 'பெருமாள்' என்று குரல் கொடுத்தால், நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். உலகளந்த பெருமாள் கோயில் கொண்டிருக்கும் ஊர் இது. தாத்தாவுக்கோ தாய்மாமனுக்கோ அந்தப் பெயர் இருப்பதில் ஆச்சர்யம் இல்லை. ஆனால், அதே பெயர் வெஸ்ட் இண்டீஸ் அணியின் ஸ்கோர்போர்டில் இருந்தால்?

வீராசாமி பெருமாள். தென் அமெரிக்கக் கண்டத்தின் வடகரையில் இருக்கும் கயானா நாட்டுக்காரர். இடது கை சுழற்பந்து வீச்சாளர். 2012-ல் டெஸ்ட்டில் அறிமுகமானார். 2021-ல் இலங்கையின் காலி மைதானத்தில் 35 ரன்களுக்கு 5 விக்கெட் எடுத்தார். அவருக்கு முன்பு, 2000-ல் லெக் ஸ்பின்னராக வந்தவர் மகேந்திர நாகமுத்து. அங்கே அதை 'நாகமூட்டூ' என்கிறார்கள்.

கப்பலில் போன பெயர்கள்

கரும்புத் தோட்ட வேலைக்காக 1838 முதல் 1917 வரை சுமார் 2 லட்சத்து 39 ஆயிரம் இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கயானாவுக்கு அனுப்பப்பட்டார்கள். பெரும்பாலானோர் கல்கத்தாவில் கப்பல் ஏறியவர்கள். சென்னையிலிருந்து போனவர்கள் சுமார் 15 ஆயிரம் பேர்தான். 'மதராஸி' என்றே அவர்களுக்குப் பெயர்.

தலைமுறைகள் ஓட, வீட்டில் தமிழ்ப் பேச்சு நின்றுபோனது. மாரியம்மன் வழிபாடும், தப்பும், உடுக்கையும், அம்மன் கோயிலில் சில தமிழ்ச் சொற்களும் நின்றன. இத்தனை காலம் கடந்தும் அழியாத இன்னொன்று, இந்தப் பெயர்கள்.

கடல் மட்டத்துக்குக் கீழே ஒரு மைதானம்

கயானாவின் தலைநகரம் ஜார்ஜ்டவுன். கிரிக்கெட் பார்க்கப் போகிறவர்கள் முதலில் பார்க்கவேண்டியது நகருக்குள் இருக்கும் போர்டா மைதானம். கடல் பொங்கினால் ஊருக்குள் தண்ணீர் வந்துவிடும் தாழ்வான நகரம் என்பதால், மைதானத்தைச் சுற்றி அகழிபோல வாய்க்கால் ஓடும். 1930-ல் வெஸ்ட் இண்டீஸ் தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது இங்கேதான். இங்கிலாந்துக்கு எதிரான அந்தப் போட்டியில் ஜார்ஜ் ஹெட்லி இரண்டு இன்னிங்ஸிலும் சதம் அடித்தார்.

2007 உலகக் கோப்பைக்காக, இந்திய அரசின் உதவியோடு நகரத்துக்கு வெளியே பிராவிடன்ஸ் ஸ்டேடியம் கட்டப்பட்டது. இது நமக்கும் பழக்கமான இடம்தான். 2024 ஜூன் 27-ல் டி20 உலகக் கோப்பை அரையிறுதியில் இந்தியா 68 ரன்களில் இங்கிலாந்தை வென்றது இங்கேதான். அங்கே காலை பத்தரை மணி என்றால் நமக்கு இரவு எட்டு. மழையும் குறுக்கிட, நள்ளிரவு தாண்டியும் டி.வி முன்னால் உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருக்கும்.

கேலரியே ஒரு திருவிழா

கரீபியன் மைதானத்தில் ஆட்டத்தைப் பார்ப்பதோடு, கேட்கவும் வேண்டும். மேளம், சங்கு, ஊதுகுழல், ஓவருக்கு ஓவர் பாட்டு. கேப்டனுக்கு யோசனை சொல்லாத ரசிகரே கிடையாது. ஃபீல்டரை எங்கே நிறுத்தவேண்டும் என்று பாட்டிகளும் கத்துவார்கள். கையில் தால்பூரியும் கறியும் இருக்கும். நம்ம ஊர் பருப்புப் போளியில் இனிப்பை எடுத்துவிட்டால் கிட்டத்தட்ட தால்பூரி.

இந்தச் சத்தம் ஒருமுறை அடங்கியது. 2007 உலகக் கோப்பையில் வாத்தியங்களுக்கும் வெளி உணவுக்கும் கட்டுப்பாடு வந்தது. டிக்கெட் விலையும் எகிறியது. உள்ளூர் மக்கள் வரவில்லை. உலகக் கோப்பையிலேயே காலி இருக்கைகள். விமர்சனம் கிளம்பியபிறகுதான் கெடுபிடி தளர்ந்தது. சொந்த ஊர்க்காரர்களை வெளியே நிறுத்திவிட்டுத் திருவிழா நடத்த முடியாது என்பது தேர் இழுக்கும் ஊர்க்காரர்களுக்குச் சொல்லியா தெரியவேண்டும்?

2013-ல் தொடங்கிய கரீபியன் பிரீமியர் லீக் அந்தக் கொண்டாட்டத்துக்கு இன்னொரு மேடை ஆனது. கயானா அமேசான் வாரியர்ஸ் அணி, பல இறுதிப் போட்டிகளில் தோற்று, ஒருவழியாக 2023-ல் கோப்பையை வென்றது.

'நீங்க எந்தப் பக்கம்?'

இங்கிருந்து போகிறவர்கள் கேட்கக்கூடாத கேள்வி ஒன்று உண்டு. 'இந்தியாவா, வெஸ்ட் இண்டீஸா... நீங்க எந்தப் பக்கம்?'

கயானாவில் பத்துக்கு நான்கு பேர் இந்திய வம்சாவளியினர். ஆப்பிரிக்க வம்சாவளியினர் அடுத்த பெரிய பிரிவு. இரண்டு தரப்புக்கும் இடையே அரசியல் உரசல் பழையது. 'இந்தியா வந்தால் நீங்கள் இந்தியாவுக்குத்தானே கைதட்டுகிறீர்கள்?' என்ற குத்தல், இந்திய வம்சாவளியினர் வெகுகாலமாகக் கேட்டுவந்தது. நமக்கு அது சும்மா ஒரு விசாரிப்பு. அவர்களுக்கோ, 'இது உன் நாடுதானா?' என்று கேட்பதுபோல.

ஜார்ஜ்டவுனிலிருந்து கடலோரமாகக் கிழக்கே போய், பெர்பீஸ் ஆற்றைக் கடந்தால் பதில் கிடைக்கும். அந்தப் பக்கம்தான் போர்ட் மூரண்ட். கரும்புத் தோட்ட ஊர். ரோகன் கன்ஹாய், பேசில் புட்சர், ஜோ சாலமன் மூவரும் அங்கிருந்து வந்தவர்கள். இவர்களில் புட்சர் இந்திய வம்சாவளியினர் அல்ல. மூவரும் ஒரே மண்ணில் விளையாடி, ஒரே தொப்பியைப் போட்டார்கள். கன்ஹாய் மீதிருந்த அபிமானத்தில் தன் மகனுக்கு 'ரோகன்' என்று பெயர் வைத்தார் நம் சுனில் கவாஸ்கர். கூலி வேலைக்குப் போனவர்களின் வம்சத்திலிருந்து ஒரு பெயர் இப்படித் திரும்பி வந்தது.

பெருமாளும் நாகமுத்துவும் அதே பெர்பீஸ் பகுதிக்காரர்கள்தான். 'நம்ம ஆளு' என்று பெருமைப்படலாம், தப்பில்லை. அவர்கள் வெஸ்ட் இண்டீஸ்காரர்கள் என்பதையும் சேர்த்தே பெருமைப்பட வேண்டும்.

அடுத்து கரீபியன் லீக் சீஸனில் கயானா போகும் வாய்ப்பு கிடைத்தால், பிராவிடன்ஸ் கேலரியில் ஓர் இடம் பிடியுங்கள். பக்கத்து இருக்கைக்காரர் தன் பெயரை 'நாகமூட்டூ' என்று சொன்னால் திருத்தாதீர்கள். அவர் வீட்டில் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் சொல்கிறார்கள். தால்பூரியில் பாதியைப் பிய்த்து நீட்டினால் மட்டும், வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.